53 நாள் உறைந்திருந்த கரு

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போய்வரும் தம்பதிகளிடம் பேசினால் இந்த வரியை அடிக்கடி கேட்கலாம்: "முட்டை எடுத்தாச்சு, கருவும் நல்லா வந்திருக்கு. ஆனா இந்த மாசம் வைக்கலையாம். ஃப்ரீஸ் பண்ணி வச்சிருக்காங்க, அடுத்த மாசம் வைப்பாங்களாம்." சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கும். இத்தனை ஊசி போட்டு, இத்தனை ஸ்கேன் பார்த்து, கடைசிப் படியில் காத்திரு என்றால் யாருக்கும் மனம் சோர்ந்துதான் போகும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை உணர்ந்து, கருவை உறைய வைத்து, வேறொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்து, ஒரு குழந்தையைப் பிறக்கச் செய்தவர் ஓர் இந்தியர். கொல்கத்தாவில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுபாஷ் முகர்ஜி. ஆண்டு 1978. அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு விசாரணைக் குழு.

கதைக்குள் போகுமுன் கருமுட்டையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். இத்தனையிலும் வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருபவை ஏறத்தாழ 400 மட்டுமே. மாதந்தோறும் ஒரு கூட்டமாக முட்டைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை அழிந்துவிடும். சிகிச்சையில் போடும் ஹார்மோன் ஊசி, அப்படி அழியப் போகிறவற்றையும் சேர்த்து வளர்த்தெடுக்கிறது. "இத்தனை முட்டையை எடுத்துட்டா பின்னாடி இல்லாம போயிடுமே" என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி பயம் போய்விடும்.

அந்த ஊசி மருந்து வந்த வழியும் விசித்திரமானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் நிறைய இருக்கும். இத்தாலியில் பியரோ டோனினி என்ற வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்தார். மருந்தாக்கப் பெருமளவு சிறுநீர் தேவைப்பட்டபோது, கன்னியர் மடங்களில் வாழ்ந்த மூத்த துறவியரிடமிருந்து அது சேகரிக்கப்பட்டது. குழந்தையே வேண்டாம் என்று உறுதி பூண்ட பெண்களின் தயவில் குழந்தை வேண்டித் தவித்த பெண்கள் தாயானார்கள். 1960-களின் தொடக்கத்தில் அந்த மருந்தால் முதல் குழந்தை பிறந்தது. ஆனால் அது உடலுக்கு உள்ளேயே கரு உருவான குழந்தை. கருக்குழாய் அடைபட்ட பெண்ணுக்கு அந்த ஊசி மட்டும் போதாது. முட்டையை வெளியே எடுத்தாக வேண்டும்.

வெளியே எடுத்த முட்டையைப் படிக்கப் பல ஆண்டுகள் செலவிட்டவர் கேம்பிரிட்ஜின் ராபர்ட் எட்வர்ட்ஸ். மனித முட்டை சுமார் 12 மணி நேரத்தில் முதிர்ந்துவிடும் என்று 1930-களில் கிரிகரி பின்கஸ் எழுதியிருந்தார். எட்வர்ட்ஸ் அதை நம்பிப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார். பிறகு இன்னும் பொறுமையாகக் காத்திருந்து பார்த்தபோது, 36 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. 1965-ல் அதை வெளியிட்டார். இன்றைக்கும் கடைசி ஊசி போட்டு 36 மணி நேரம் கழித்துத்தான் முட்டை எடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மறக்காமல் ஊசி போடுங்கள் என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

எட்வர்ட்ஸும் மகப்பேறு மருத்துவர் பாட்ரிக் ஸ்டெப்டோவும் ஆய்வகத் துணைவர் ஜீன் பர்டியும் இங்கிலாந்தின் ஓல்டாமில் பத்தாண்டு உழைத்தார்கள். 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் அவர்களிடம் வந்தார்கள். 112 முறை கரு வைக்கப்பட்டது. கருவுற்றது ஐந்து முறை. உயிரோடு பிறந்தவை இரண்டு குழந்தைகள். அந்த இரண்டில் முதலாவதுதான் 1978 ஜூலை 25 அன்று பிறந்த லூயிஸ் பிரவுன். வெறுங்கையோடு வீடு திரும்பிய மற்றப் பெண்களை எந்தச் செய்தித்தாளும் அன்று தேடிப் போகவில்லை. அவர்கள் தந்த முட்டைகளிலிருந்துதான் இந்த மருத்துவம் முழுவதும் பிறந்தது என்பதை இங்கே ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும்.

அத்தனை தோல்விக்கும் பெரிய காரணமாக எட்வர்ட்ஸ் சந்தேகித்தது ஹார்மோன் ஊசியை. ஊசி போட்டால் முட்டைகள் நிறைய கிடைக்கும். ஆனால் அதே ஊசி உடலின் மாதச் சுழற்சியைக் குலைத்துவிடும், கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது. விதை தயாரான நாளில் நிலம் தயாராக இல்லை என்பதுதான் சிக்கல். ஓல்டாம் குழு 1977-ல் ஒரு முடிவெடுத்தது: ஊசியே வேண்டாம். இயற்கையாக முதிரும் ஒரே ஒரு முட்டைக்குக் காத்திருப்போம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரைச் சோதித்து, முட்டை வெளிவரும் நேரம் நெருங்கியதும், அது நள்ளிரவானாலும், அறுவை அரங்குக்கு ஓடினார்கள். லெஸ்லி பிரவுனிடமிருந்து எடுத்தது ஒரே முட்டை. அந்த ஒன்றுதான் லூயிஸ் ஆனது.

அதே சிக்கலைக் கொல்கத்தாவில் இன்னொருவர் வேறு விதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

சுபாஷ் முகர்ஜி 1931 ஜனவரி 16 அன்று ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் படித்து, உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு எடின்பரோ போய் ஹார்மோன் அளவீட்டில் பெயர்பெற்ற ஜான் லொரெய்னிடம் பயின்று 1967-ல் இரண்டாவது முனைவர் பட்டத்தோடு ஊர் திரும்பினார். மாதச் சுழற்சியில் எந்த ஹார்மோன் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதில் ஆழ்ந்த தேர்ச்சி உள்ளவர். அதனால் அவருக்கு ஊசியைக் கைவிடத் தோன்றவில்லை. ஊசி போடுவோம், முட்டைகளை எடுப்போம், கருவாக்குவோம். உட்சுவர் இந்த மாதம் சரியில்லையா? கருவை உறைய வைப்போம். ஊசியின் பாதிப்பெல்லாம் நீங்கி, உடல் தன் இயல்புக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் கருவை வைப்போம். இதுதான் அவர் கண்ட வழி.

அவரோடு இருந்தவர்கள் இருவர். மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த சுனித் முகர்ஜி. கருவை உறைய வைக்க உணவுத் துறைக்காரர் எதற்கு என்று கேட்கலாம். உயிருள்ள செல்லைக் குளிரூட்டும்போது உள்ளிருக்கும் நீர் பனிப் படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடும். உறைய வைக்கும் கலையில் தேர்ந்தவர் கூட இல்லாமல் இந்த வேலை நடக்காது. எலியின் கருவை உறைய வைத்து மீட்டுக் குட்டி பிறக்கச் செய்தது 1972-லேயே நடந்துவிட்டது. மாட்டுக் கருவில் 1973-ல் நடந்தது. மனிதக் கருவில் யாரும் செய்து காட்டியிருக்கவில்லை.

கருக்குழாய் அடைபட்டிருந்த ஒரு பெண்ணுக்கு அவர்கள் ஹார்மோன் ஊசி போட்டார்கள். ஓல்டாமில் வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியே முட்டை எடுத்தார்கள் என்றால், இங்கே பிறப்புறுப்பின் பின்சுவரில் சிறு கீறலிட்டு எடுத்தார்கள். ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கினார்கள். எட்டு செல்லாக வளர்ந்த கருவை, பனிப் படிகம் தடுக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் இட்டு, திரவ நைட்ரஜனில் உறைய வைத்தார்கள். 53 நாள் அது அப்படியே இருந்தது. பிறகு உருக்கி, ஊசி எதுவும் போடாத இயல்பான ஒரு சுழற்சியில், கருப்பையில் வைத்தார்கள்.

1978 அக்டோபர் 3 அன்று பெண் குழந்தை பிறந்தது. லூயிஸ் பிரவுனுக்கு 70 நாள் இளையவள். துர்கா பூஜைக் காலம், உலகுக்குத் தெரிந்த பெயர் துர்கா.

இன்று ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்குள் நுழைந்து பார்த்தால் முகர்ஜியின் மூன்று முடிவுகளும் அங்கே இருக்கும். ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்ப்பது எங்கும் வழக்கம். முட்டையைக் கீழ்வழியாகவே எடுக்கிறார்கள், ஸ்கேன் பார்த்து ஊசியால். கருவை உறைய வைத்துப் பிறகு வைப்பதும் சாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவில் உடனே வைக்கும் கருவைவிட உறைந்து மீண்ட கருவையே இப்போது அதிகம் வைக்கிறார்கள். ஓல்டாம் வழி, அதாவது ஊசியில்லாமல் ஒற்றை முட்டைக்குக் காத்திருப்பது, பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று. உறைந்த மனிதக் கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று உலகப் புத்தகங்கள் குறிப்பது 1984-ல் மெல்போர்னில் பிறந்த குழந்தையை. துர்காவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று?

செய்தி வெளியானதும் கொல்கத்தாவின் மருத்துவ வட்டாரம் நம்ப மறுத்தது. நவம்பரில் மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு அமைத்தது. தலைவராக அமர்ந்தவர் ரேடியோ இயற்பியல் அறிஞர். கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் வேலையில் கைப்பழக்கம் உள்ளவர் ஒருவரும் குழுவில் இல்லை. இந்தியாவில் அப்படிப்பட்டவர் வேறு யாரும் அப்போது இல்லை என்பதும் உண்மைதான். அப்படியானால் வெளிநாட்டு நிபுணரை அழைத்திருக்கலாம், தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கலாம். குழு இரண்டையும் செய்யவில்லை. முகர்ஜி சொல்வது நம்பத்தக்கதல்ல என்று எழுதிக் கொடுத்தது.

1979-ல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து தம் ஆய்வை விளக்க வருமாறு அழைப்பு வந்தது. அவர் அரசு ஊழியர், அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை. அவர் கதை பொய்யா மெய்யா என்று தீர்க்கக்கூடிய ஆட்கள் முன்னால் நிற்கும் வாய்ப்பு அது. பொய் என்று நம்பியவர்கள்கூட அவரை அங்கே அனுப்பியிருக்க வேண்டும். இந்தக் கதையில் மன்னிக்கவே முடியாதது இந்த மறுப்பு என்று தோன்றுகிறது. பிறகு இதயத் தாக்குதல் வந்தது. 1981 ஜூனில் அவரைக் கண் மருத்துவக் கழகத்துக்கு மாற்றினார்கள். கருமுட்டையும் ஹார்மோனும் படித்தவருக்கு அங்கே செய்ய ஆய்வு எதுவும் இல்லை. அதே மாதம் 19 அன்று, தம் ஐம்பதாவது வயதில், தற்கொலை செய்துகொண்டார். மனைவி நமிதா அவர் பெயரைக் காப்பாற்றும் பொறுப்போடு தனியே நின்றார்.

எல்லாப் பழியையும் ஒரு பக்கமே போடுவதும் சரியல்ல. முகர்ஜி குழுவின் தரப்பிலும் ஒரு குறை இருந்தது. ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் லூயிஸ் பிறந்து மூன்று வாரத்துக்குள் 'லான்செட்' இதழில் தங்கள் கடிதத்தை வெளியிட்டுவிட்டார்கள். முகர்ஜியின் சுருக்கமான அறிக்கை வந்தது 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ்' இதழில். அதை எந்த மகப்பேறு மருத்துவரும் படிப்பதில்லை. முழு விவரங்களோடு ஒரு கட்டுரை வருமுன் பத்திரிகைச் செய்தி முந்திக்கொண்டது. குழந்தையின் பெற்றோரும் வெளிச்சத்துக்கு வர விரும்பவில்லை. சோதனைக் குழாய்க் குழந்தை என்றால் ஊர் என்ன பேசும் என்ற அச்சம் அந்தக் காலத்தில் நியாயமானது. ஆனால் மருத்துவர் கையில் இருந்த மிகப்பெரிய சாட்சியைக் காட்ட முடியாமல் போயிற்று.

எட்வர்ட்ஸுக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1971-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவருக்குப் பணம் தர மறுத்தது. திருச்சபையினர் கண்டித்தார்கள், விஞ்ஞானிகளே கண்டித்தார்கள். ஆனாலும் அவரை யாரும் கண் மருத்துவமனைக்கு மாற்றவில்லை, வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. பணம் தராவிட்டாலும் வேலையைச் செய்ய விட்டார்கள். அதனால்தான் 2010-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது எட்வர்ட்ஸ் உயிரோடு இருந்தார். ஸ்டெப்டோவும் ஜீன் பர்டியும் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

இந்தியாவில் அடுத்து நடந்ததைப் பலர் அறிவார்கள். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா பிறந்தாள். மருத்துவர் இந்திரா ஹிந்துஜா, விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமார் இருவரும் முன்னின்ற சாதனை. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடே கொண்டாடியது. 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு தபன் சின்ஹா, முகர்ஜியின் வாழ்க்கையைத் தழுவி 'ஏக் டாக்டர் கி மௌத்' என்ற இந்திப் படம் எடுத்தார். படத்தில் மருத்துவர் கண்டுபிடிப்பது தொழுநோய்த் தடுப்பூசி. பங்கஜ் கபூரின் நடிப்புக்காகவே பார்க்கலாம்.

இனி வருவதுதான் இந்தக் கதையின் உயர்ந்த இடம். 1997-ல் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா போன ஆனந்தகுமாரிடம் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளும் தாள்களும் கொடுக்கப்பட்டன. ஊசி போட்ட கணக்கு, உறைய வைத்த முறை எல்லாவற்றையும் அவர் படித்தார். துர்காவின் பெற்றோரிடம் பேசினார். படித்து முடித்தபோது அவருக்கு உறுதியாகிவிட்டது. அந்த ஏப்ரலில் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்: இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகர்ஜி.

அந்த முதலிடத்தில் அதுவரை எழுதப்பட்டிருந்த பெயர்களில் ஒன்று ஆனந்தகுமாருடையது. அந்தத் தாள்களை மூடி வைத்திருந்தால் கேட்க ஆள் இல்லை. முகர்ஜி இறந்து 16 ஆண்டு ஆகியிருந்தது, துர்கா யார் என்று வெளியுலகுக்குத் தெரியாது. தம் பெயரைத் தாமே இரண்டாம் இடத்துக்கு இறக்கிக்கொண்டு ஆனந்தகுமார் உண்மையை எழுதினார். விஞ்ஞானியின் நேர்மை என்று பேசும்போது மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. அவர் 2010-ல் மறைந்தார்.

அதன் பிறகு கதவுகள் திறந்தன. துர்கா என்று அறியப்பட்ட கனுப்ரியா அகர்வால் தம் 25-வது பிறந்தநாளையொட்டி, முகர்ஜியை நினைவுகூரும் மேடையில் தாமே தோன்றித் தாம் யார் என்று சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் முகர்ஜியின் பெயரும் துர்காவின் பிறப்பும் இடம்பெற்றன.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. குழந்தை பிறந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு மருத்துவரை விசாரிக்கக் குழு அமைக்க முடிந்த நாடு, இந்தத் துறையை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவர எடுத்துக்கொண்டது 43 ஆண்டு. அதற்குள் ஊருக்கு ஊர் மையங்கள் முளைத்துவிட்டன, கருமுட்டைக்குச் சந்தையும் உருவாகிவிட்டது. 2021-ல் வந்த சட்டத்தின்படி கருமுட்டை தானம் தரும் பெண்ணின் வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சட்டம் வந்த பிறகே, 2022-ல், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் அட்டை பயன்பட்டிருந்தது. பெற்ற தாயே கைதானவர்களில் ஒருவர். சினைப்பையைத் தூண்டும் ஊசியைக் கண்காணிப்போடு போடாவிட்டால் வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வளரும் சிறுமிக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். கண்காணிக்க வேண்டியது இதை. 1978-ல் அரசின் கண் இருந்தது வேறிடத்தில்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போகும் மையம் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கருவானது, எத்தனை உறைந்திருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதம் வைக்கவில்லை என்றால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். காரணம் சொல்வது மருத்துவரின் கடமை.

மருத்துவர்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. ஜூலை 25-ஐ உலக ஐ.வி.எஃப். நாளாகப் பல மையங்கள் கொண்டாடுகின்றன. லூயிஸ் பிரவுன் பிறந்த நாள் அது, கொண்டாட வேண்டியதுதான். அதோடு அக்டோபர் 3-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்போர் அறையில் ஒரு பலகை வையுங்கள். சுபாஷ் முகர்ஜி, சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா என்ற மூன்று பெயர்களும், அவர்கள் செய்தது என்ன என்பதும் அதில் தமிழில் இருக்கட்டும்.